ஒரு விமானம்கூடத் தாமதமானதில்லை

அஸர் தொழுகைக்குப் பத்து மணி நேரம் ஐந்து நிமிடம் இருந்தபோது காயல்பட்டினத்திலிருந்து இரண்டு போன்கள் வந்தன. ஒன்று அமீர் அலிக்கு, மற்றது அவர் மகள் இர்ஃபானாவுக்கு. புனேயை ஒட்டிய ஆகுர்டியில் அவர்கள் வீட்டுக்கு இரண்டு அறைகள். அறைக்கு ஒருவராக நின்று பேசினார்கள்.

அமீர் அலியை அழைத்தவன் அவருடைய அக்கா சைனபுவின் மகன் அஸ்ஃபாக்.

“மாமா, உம்மா ரொம்ப சீரியஸா ஈக்கிறாங்க. அஸருக்குள்ள வந்து சேந்துருங்க.”

“சரி” என்றார் அமீர் அலி. அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

இர்ஃபானாவை அழைத்தவர் அவள் உம்மா ஃபஹ்மிதா. நாத்தனாரைப் பார்த்துக்கொள்ளப் போய்ப் பத்து நாளாக அங்கேயே இருந்தார்.

“மாமி மௌத்தாயிட்டாங்க. வாப்பாட்ட சொல்லிறாத” என்றார். “நெஞ்சுல ரெண்டு ஸ்டென்ட் ஈக்குது. வழியில ஏதாச்சும் ஆனா நீ ஒத்தயில என்ன செய்வா? சீரியஸ்னே ஈக்கட்டும். இங்க வந்து முகத்தப் பாத்துத் தெரிஞ்சுக்கிடட்டும்.”

இர்ஃபானாவுக்குத் தமிழ் பேச வரும். அவசரத்தில் வராது.

“மத்லப், நான் ஜூட் சொல்லணுமா உம்மா?”

“பொய் சொல்லச் சொல்லலடி. சொல்லாம ஈக்கச் சொல்றேன். அஸருக்கு அடக்கம். அதுக்கு மேல வெக்க மாட்டாங்க.”

காயல்பட்டினத்தில் இறந்தவரை வெகுநேரம் வைத்திருக்கும் வழக்கம் இல்லை. மாலை நாலு மணியளவில் அஸர் தொழுகை முடிந்ததும் தூக்கிவிடுவார்கள். அதற்கு முன் போய்ச் சேர்ந்தால் அமீர் அலி அக்காவின் முகத்தைப் பார்க்கலாம். சேராவிட்டால் மண்ணைப் பார்க்கலாம்.

இர்ஃபானா டிக்கெட் தேடினாள். நகர விமான நிலையத்திலிருந்து சென்னைக்குப் போகும் காலை விமானங்களில் இடம் இல்லை. அதற்குக் கீழே பச்சை எழுத்தில் ‘புனே (மாற்று)’ என்று ஒரு வரி இருந்தது. ஒன்பதரை மணி விமானம், சென்னையில் மாறித் தூத்துக்குடி. இடங்கள் தாராளம். இறங்கிக் காரில் போனால் மூன்று மணிக்கு ஊரில் இருக்கலாம். விமான நிலையம் தளேகாவ் பக்கம். வீட்டிலிருந்து அரை மணி நேரம்கூட ஆகாது.

“நம்ம லக், வாப்பா” என்றாள். சொன்ன பிறகு அந்த வார்த்தை அவளுக்கே பிடிக்கவில்லை.

ஒரே ஒரு பை எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் அவள் அலமாரியைத் திறந்து ஜம்ஜம் பாட்டிலை எடுத்துப் பையில் வைத்தாள். மக்காவிலிருந்து வந்த அந்தத் தண்ணீரை அமீர் அலி நான்கு வருடமாகப் பத்திரமாக வைத்திருந்தார். உயிர் ஊசலாடுகிறவர்களின் வாயில் சொட்டுச் சொட்டாக விடுவதற்கு. சீரியஸாக இருப்பவரைப் பார்க்கப் போகிறவர்கள் அதை எடுத்துக்கொள்ளாமல் போனால் சந்தேகம் வரும் என்று அவள் நினைத்தாள். அமீர் அலி அவள் அதைப் பையில் வைப்பதைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டார்.

சஹ்யாத்ரி மாற்று விமான நிலையம் தொழிற்பேட்டையைத் தாண்டி ஒரு மேட்டில் இருந்தது. முன்னால் பத்து வழிச் சாலை. அதில் அவர்கள் வந்த டாக்ஸி மட்டும் போனது. வாசலில் நீரூற்று, யானை, யானைக்குப் பக்கத்தில் கையால் செய்த சிறிய விமானம். கண்ணாடிக் கதவு திறந்ததும் ஒரு பெண் குங்குமம் நீட்டினாள். அமீர் அலியின் தொப்பியைப் பார்த்துவிட்டுக் கையை மாற்றி ரோஜாப்பூ கொடுத்தாள். அவர் அதை வாங்கி எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

உள்ளே பளிங்குத் தரை கண்ணுக்கெட்டியவரை போனது. ஆட்கள் இல்லை. சீருடைக்காரர்கள் இருந்தார்கள்.

“ஜல்தி ஆயிடும் வாப்பா. கூட்டமே இல்ல” என்றாள் இர்ஃபானா.

அதைக் கேட்டுவிட்டு ஒருவர் வேகமாக வந்தார். கோட்டில் ஏழெட்டுப் பதக்கங்கள் குத்தியிருந்தன.

“நீங்க தமிழா! ஆகா. நான் ஸ்ரீநிவாசன், பயணியர் அனுபவ இயக்குநர். சென்னைதான். இப்ப இந்தப் பொண்ணு ‘கூட்டமே இல்ல’ன்னு சொன்னா பாருங்க, அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் சார் நாங்க உசிரக் குடுத்து வேலை செய்றோம்.”

“ஒம்பதரைக்கு ப்ளேன்” என்றார் அமீர் அலி.

“போயிடும். நேரத்துக்குப் போயிடும். இந்த நிலையம் தொறந்ததுலேர்ந்து ஒரு விமானம்கூடத் தாமதமானதில்ல. நகர நிலையத்தால இத மார் தட்டிச் சொல்ல முடியுமா?” அவர் ஒரு கண்ணாடி அலமாரியைக் காட்டினார். கோப்பைகள் அடுக்கியிருந்தன. “நெரிசலின்மை விருது. மூணு தடவை. நாலு நிலையங்கள் போட்டி போட்டாங்க சார். அவங்ககிட்ட விமானங்கள் இருந்துது. அதுதான் அவங்க பலவீனம்.”

அவர் சிரித்தார். அது நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு இர்ஃபானாவும் சிரித்து வைத்தாள்.

“அவசரமாப் போறோம். அக்காவுக்கு உடம்புக்கு முடியல” என்றார் அமீர் அலி.

ஸ்ரீநிவாசனின் முகம் மலர்ந்தது. பிறகு அது மலரக் கூடாது என்று நினைவு வந்து தணிந்தது.

“அப்ப நீங்க எங்க துயரப் பயணியர் முகப்பத்தான் மொதல்ல பாக்கணும். வாங்க. நாட்டுலயே இது ஒண்ணுதான்.”

முகப்பில் கறுப்பு மேஜை விரிப்பு, வெள்ளைப் பூக்கள், கண்ணீர் துடைக்கக் காகிதக் கைக்குட்டைப் பெட்டி. அங்கிருந்த இளைஞன் எழுந்து நெஞ்சில் கைவைத்துத் தலை குனிந்தான். கணினியைப் பார்த்து ஐந்து எண்ணிவிட்டு நிமிர்ந்தான். அவனுக்குப் பயிற்சி அப்படி.

“எந்த உறவு, அங்கிள்?” என்று ஹிந்தியில் கேட்டான்.

“அக்கா.”

“துயரம் உறுதியானதா, எதிர்பார்க்கப்படுவதா?”

“புரியல.”

ஸ்ரீநிவாசன் குனிந்து விளக்கினார். “தவறிட்டாங்கன்னா கறுப்புப் பட்டை. உடனே தனிக் கார், எல்லாத்துலயும் முன்னுரிமை. சீரியஸ்னா மஞ்சள் பட்டை. மஞ்சளுக்கு எங்க பிரார்த்தனை உண்டு.”

பக்கத்தில் ஒரு குடும்பம் நின்றிருந்தது. நான்கு பேர் கையிலும் கறுப்புப் பட்டை. ஒரு சீருடைக்காரர் அவர்களை அழைத்துக்கொண்டு ஏதோ வாசல் வழியாகப் போனார்.

இளைஞன் விரல்களை விசைப்பலகைமேல் வைத்துக் காத்திருந்தான். இர்ஃபானா வெள்ளைப் பூக்களைப் பார்த்தாள். பிளாஸ்டிக். அமீர் அலி கையிலிருந்த ரோஜாப்பூவை முகப்பின் மேல் வைத்தார்.

“சீரியஸ்” என்றார்.

இளைஞன் மஞ்சள் பட்டையை அவர் மணிக்கட்டில் கட்டினான். “நிலைமை மாறினால் எந்த நேரமும் வந்து சொல்லுங்கள். ஒரே நிமிடத்தில் கறுப்பாக மாற்றித் தருவேன். கட்டணம் கிடையாது. நல்லதே நடக்கட்டும்.”

பாதுகாப்புச் சோதனையில் ஒன்பது பேர் இருந்தார்கள். சோதிக்க இரண்டு பேர் கிடைத்ததில் அவர்களுக்கு உற்சாகம். அமீர் அலியின் பெல்ட், கடிகாரம், தொப்பி, கண்ணாடி எல்லாம் தனித்தனித் தட்டுகளில் போயின. ஜம்ஜம் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார் ஒருவர்.

“நூறு மில்லிக்கு மேல். அனுமதி இல்லை.”

இர்ஃபானா ஹிந்தியில் சண்டை போட்டாள். அது என்ன தண்ணீர் என்று சொன்னாள். யாருக்கு என்று சொன்னாள். ஒரு வாய் குடித்துக் காட்டட்டுமா என்றாள். “என் அப்பா நாலு வருஷமா வச்சிருந்தாரு. அவங்க அக்கா வாயில விடணும்!” என்று அவள் கத்தியபோது குரல் நிஜமாகவே உடைந்தது.

“விடும்மா. வெச்சுக்கட்டும்” என்றார் அமீர் அலி.

அவரே பாட்டிலைத் தொட்டியில் வைத்தார். எறியாமல், சாய்ந்துவிடாதபடி நிறுத்தி வைத்தார். பிறகு பெல்ட்டை மாட்டிக்கொண்டார். வாப்பா இவ்வளவு லேசாக விட்டுக்கொடுத்து இர்ஃபானா பார்த்ததில்லை. கடைக்கு வாங்கும் ஒரு மீட்டர் ரெக்ஸினுக்கு அரை மணி நேரம் பேரம் பேசுகிறவர்.

காத்திருப்புக் கூடத்தின் ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. வெளியே புல். புல்லில் எருமைகள். இர்ஃபானா ஓடுபாதையைத் தேடினாள். அதற்குப் பதில் அந்த மேட்டிலிருந்து இறங்கும் சாலை தெரிந்தது. அதில் ஒரு கறுப்புக் கார் போய்க்கொண்டிருந்தது. பின் இருக்கையில் கறுப்புப் பட்டைக் குடும்பம். கார் நெடுஞ்சாலையில் ஏறிப் புனே பக்கம் திரும்பியது.

அவள் ஸ்ரீநிவாசனிடம் ஓடினாள்.

“சார், அவங்க எங்க போறாங்க? ப்ளேன் எங்க?”

“நகர நிலையத்துல” என்றார் அவர், அவளுக்கு அது தெரியாததில் ஆச்சரியப்பட்டு.

“அப்ப இங்க?”

“இங்க பயணம் ஆரம்பிக்கிறது. பாரும்மா, விமானம் வந்தா சத்தம் வரும். சத்தம் வந்தா கூட்டம் வரும். கூட்டம் வந்தா அப்புறம் நாம என்ன மாற்று? ஓடுபாதை மூணாம் கட்டம். மொதல் கட்டம் விருது. ரெண்டாம் கட்டம் உணவகம், அதுலதான் இப்ப இருக்கோம். இங்கேர்ந்து நகர நிலையம் வரைக்கும் உங்களுக்குத் தரைப் பறத்தல்.”

“பஸ்ஸா?”

“அந்த வார்த்தைய நாங்க உபயோகிக்கிறதில்ல.”

“நாங்க டாக்ஸி புடிச்சுப் போயிடறோம்.”

“தாராளமா. ஆனா கதவத் தாண்டினா டிக்கெட் ரத்தாயிடும். அந்த விமானத்துல உங்க சீட் எங்க மூலமாத்தான் இருக்கு.”

அவள் திரும்பிப் பார்த்தாள். வாப்பா தூரத்தில் ஒரு நாற்காலியில் முழங்காலில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“சார். அவங்க இறந்துட்டாங்க. வாப்பாக்குத் தெரியாது. ஹார்ட் பேஷன்ட். ப்ளீஸ், அந்தக் கார் மாதிரி ஒண்ணு குடுங்க. அஸருக்குள்ள போணும்.”

ஸ்ரீநிவாசன் நெஞ்சில் கைவைத்தார். தலை குனிந்தார். ஐந்து எண்ணினார்.

“எனக்குப் புரியறதும்மா. மனுஷனா புரியறது. ஆனா துயரம் யாரோடதோ அவங்க வாயால முகப்புல வந்து சொல்லணும். உனக்கு அவங்க அத்தை. அத்தை எங்க வரிசைல வரல்ல. கூடப் பொறந்தவங்க வரை வச்சிருக்கோம். இல்லன்னா எல்லாரும் அத்தையக் கொண்டுவந்துடுவாங்க. அப்பாகிட்ட சொல்லு. அவர் வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும், அடுத்த நிமிஷம் கார்.”

“அவர்கிட்ட சொன்னா ஏதாவது ஆயிடுச்சுன்னா?”

“மருத்துவ அறை இருக்கு. அதுலயும் கூட்டமே கிடையாது.”

அவள் வாப்பாவிடம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். எப்படிச் சொல்வது என்று யோசித்தாள். ஹிந்தியில் யோசித்தாள், தமிழில் யோசித்தாள். ‘மௌத்’ இரண்டிலும் ஒன்றுதான்.

“வாப்பா.”

“ம்.”

அப்போது மணி அடித்தது. நெரிசலின்மைக் கணக்கெடுப்பு நேரம். ஒலிபெருக்கி எல்லாப் பயணிகளையும் எழுந்திருக்கச் சொன்னது. மூன்று அதிகாரிகள் அளவுநாடாவும் கால்குலேட்டருமாக வந்தார்கள். கூடத்தில் பதினோரு பயணிகள். பரப்பு நாற்பதாயிரம் சதுர மீட்டர். வகுத்தால் ஒருவருக்கு மூவாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் சதுர மீட்டர் வரும். ஆனால் வகுத்தால் மட்டும் போதாது, தரையிலும் அப்படித் தெரிய வேண்டும் என்பது விதி. தரையில் வட்டங்கள் வரைந்திருந்தன. வட்டத்துக்கு ஒருவர்.

“நீங்கள் இருவரும் இவ்வளவு பக்கத்தில் நிற்கக் கூடாது” என்றார் அதிகாரி. “இந்த இடத்தில் நெரிசல் காட்டுகிறது.”

“இவர் என் அப்பா.”

“நாங்கள் யாரையும் பிரிக்கவில்லை. பரப்புகிறோம்.”

அமீர் அலி சொன்ன வட்டத்துக்குப் போய் நின்றார். இர்ஃபானா தன் வட்டத்தில் நின்றாள். இடையில் பளிங்கு. அங்கிருந்து பார்க்க அவர் சின்னதாக இருந்தார். அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. சீரியஸாக இருப்பவருக்காக யாசீன் ஓதுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். அங்கிருந்து கத்தினால் அவருக்குக் கேட்கும். எல்லோருக்கும் கேட்கும். இருபத்தைந்து நிமிடம் அவள் கத்தாமல் நின்றாள்.

அளவு நன்றாக வந்தது. அதிகாரிகள் கைதட்டினார்கள். பயணிகளும் தட்டினார்கள். பிறகு வட்டங்களிலிருந்து எல்லோரையும் நேராக வாயிலுக்கு அழைத்துப் போனார்கள்.

வாயிலில் பேருந்து நின்றது. இரு பக்கமும் சிறகு வரைந்திருந்தார்கள். ஏறுவதற்குச் சக்கரம் வைத்த விமானப் படிக்கட்டை உருட்டிக்கொண்டு வந்தார்கள். பேருந்தின் வாசலைவிடப் படிக்கட்டு உயரம். எல்லோரும் ஏறி, மேலே நின்று, பிறகு உள்ளே குதித்தார்கள். அமீர் அலியை இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள்.

“ப்ளேன் எங்கம்மா?” என்று அவர் கேட்டார்.

“புனேல, வாப்பா. நம்ம ஏர்போர்ட்ல.”

“அப்ப நாம எதுக்கு இங்க வந்தோம்?”

“கூட்டம் இல்லன்னு.”

ரோஹிணி என்ற பணிப்பெண் நடைபாதையில் நின்று பெல்ட்டை எப்படி மாட்டுவது என்று காட்டினாள். காற்றழுத்தம் குறைந்தால் மேலிருந்து முகமூடி விழும் என்றாள். பேருந்தின் ஜன்னல்கள் பாதி திறந்திருந்தன. பிறகு ஓட்டுநர், வணக்கம் சொல்லி, “நாம் இப்போது கடல் மட்டத்திலிருந்து அறுநூறு மீட்டர் உயரத்தில் பயணம் செய்கிறோம்” என்று அறிவித்தார். அது உண்மைதான். தளேகாவ் கிட்டத்தட்ட அந்த உயரத்தில்தான் இருக்கிறது.

தேஹு ரோடு வரை நன்றாகப் போனது. ரோஹிணி ஆளுக்கு ஒரு வடா பாவும் ஈரக் கைக்குட்டையும் கொடுத்தாள். நிக்டியைத் தாண்டியதும் வேகம் குறைந்தது. புதுக் கார்களை அடுக்கி ஏற்றிய ஒரு ட்ரெய்லர் முன்னால் குறுக்காக நின்றுவிட்டதாம். பேருந்து ஊர்ந்தது, நின்றது, ஊர்ந்தது. ஆகுர்டியில் முழுதாக நின்றது.

அமீர் அலி ஜன்னல் வழியாகப் பார்த்தார். சாலையின் ஓரம் ஷட்டர் இறக்கிய கடை. மேலே பலகையில் மராத்தி எழுத்தில் ‘ஜைனப் சீட் கவர்ஸ்’. ஊரில் சைனபு, இங்கே பலகையில் ஜைனப். கடை திறந்த அன்று பலகை எழுதுகிறவன் பெயர் கேட்டபோது அவர் யோசிக்கவே இல்லை. பத்தொன்பது வயதில் அவரை ரயிலேற்றிவிட்டவர் அந்த அக்கா, அவருடைய ராத்தாதான்.

இர்ஃபானாவும் பலகையைப் பார்த்தாள். காலையில் டாக்ஸியில் இதைத் தாண்டித்தான் போனார்கள்.

“நம்ம கடை” என்றார் அமீர் அலி.

“ஆமா வாப்பா.”

அவர் எழுந்து ரோஹிணியிடம் போனார். முப்பது வருட ஹிந்தியில் பணிவாகக் கேட்டார். “மகளே, என்னை இங்கே இறக்கிவிடு. இது என் கடை. எதிரில் ரிக்ஷா ஸ்டாண்ட். பையன்கள் எல்லாம் தெரிந்தவர்கள். சந்து சந்தாகப் புகுந்து கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.”

“மன்னிக்கணும் அங்கிள். பறக்கும்போது கதவைத் திறக்க முடியாது.”

“நாம் நிற்கிறோமே.”

“நிற்கிறோம். ஆனால் இன்னும் தரையிறங்கவில்லை.”

பின் இருக்கைக்காரர், அவரும் சென்னை விமானத்துக்குத்தான், “அவர் சொல்றது கரெக்ட். நானும் இறங்கறேன்” என்றார். ரோஹிணி விளக்கை அழுத்தினாள். பெல்ட் அணியவும் என்ற பலகை ஒளிர்ந்தது. எல்லோரும் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார்கள். அமீர் அலியும் மாட்டிக்கொண்டார். இர்ஃபானா அவருடையதைச் சரிசெய்தாள்.

அமீர் அலியின் போன் அடித்தது. அஸ்ஃபாக்.

“மாமா, எங்க ஈக்கிய?”

“ப்ளேன்ல.”

“ப்ளேன்ல போன் எடுக்குமா?”

“இதுல எடுக்கும்.”

“எதுக்கு மேல பறக்குது இப்ப?”

அமீர் அலி ஜன்னலைப் பார்த்தார். “கடைக்கு எதுத்தாப்புல.”

அஸ்ஃபாக்குக்கு ஒன்றும் புரியவில்லை. “சரி மாமா, பதனமா வாங்க. அஸருக்குள்ள...” என்றான். பின்னால் நிறைய ஆட்கள் ஓதும் சத்தம் கேட்டது. போனிலிருந்து அது இர்ஃபானாவுக்கும் கேட்டது. அவள் சட்டென்று வடா பாவைப் பிரித்து, “வாப்பா, சாப்புடுங்க, மருந்து போடணும்” என்று உரக்கச் சொன்னாள். அவர் வாங்கிக் கடித்தார். மாத்திரையை ரோஹிணி கொடுத்த தண்ணீரில் விழுங்கினார்.

ஒன்பதரை ஆனது. ட்ரெய்லர் நகரவில்லை. ஓட்டுநருக்கு மேலே இருந்த சின்னத் திரையில் எழுத்து மாறியது. ரோஹிணி ஒலிவாங்கியை எடுத்தாள். அவள் முகத்தில் உண்மையான மகிழ்ச்சி.

“பயணிகளின் கனிவான கவனத்துக்கு. உங்கள் சென்னை விமானம் சரியான நேரத்தில் புறப்பட்டுவிட்டது. சஹ்யாத்ரி மாற்று விமான நிலையத்தின் தாமதமில்லாச் சாதனையில் பங்கெடுத்ததற்கு நன்றி.”

யாரோ கைதட்டினார்கள். காலையிலிருந்து பழகியிருந்ததால் மற்றவர்களும் தட்டினார்கள். பின் இருக்கைக்காரர் தட்டிவிட்டுத் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

“அடுத்தது எப்ப?” என்று இர்ஃபானா கேட்டாள்.

“மாலை ஐந்தே முக்கால். சென்னைக்கு மட்டும். தூத்துக்குடி நாளைக் காலை.” ரோஹிணி அமீர் அலியின் மணிக்கட்டைக் கவனித்தாள். குனிந்து, பயிற்சி பெற்ற மென்மையான குரலில் கேட்டாள். “அங்கிள், உங்களுடையது மஞ்சள். நிலைமையில் ஏதாவது மாற்றம் உண்டா? கறுப்பு என்றால் மாலை விமானத்தில் முதல் வரிசை தரலாம்.”

இர்ஃபானா வாயைத் திறந்தாள். முகப்பின் பிளாஸ்டிக் பூக்கள் நினைவுக்கு வந்தன. அங்கே வாப்பாவைச் சொல்ல வைத்திருந்தால் இந்நேரம் அவர் விமானத்தில் இருந்திருப்பார். ஒரே ஒரு வார்த்தை. அவள் அதை அவரிடமிருந்து காலை முழுக்க ஒளித்துவைத்தாள், பத்திரமாக, ஜம்ஜம் பாட்டில் மாதிரி.

அமீர் அலி மஞ்சள் பட்டையை நகத்தால் கீறி அவிழ்த்தார். அதை முன் இருக்கையின் பையில், பாதுகாப்புக் குறிப்புகளுக்குப் பின்னால் செருகினார். பிறகு போனை எடுத்து அவரே அழைத்தார்.

“அஸ்ஃபாக்.”

“மாமா! மெட்ராஸ் வந்தாச்சா?”

“ப்ளேன் போயிருச்சு. நாங்க போகல. இன்னைக்கு வந்து சேர முடியாது.”

மறுபக்கம் ஓதும் சத்தம் மட்டும் வந்தது. “அதெப்டி மாமா, உம்மா சீரியஸா...” என்று அஸ்ஃபாக் ஆரம்பித்து நிறுத்தினான்.

“சீரியஸா ஈக்கிறவங்களுக்கு யாரும் அஸருக்குள்ளன்னு வக்து குறிக்கிறதில்ல. காலைல நீ சொன்னப்பவே எனக்கு வெளங்கிருச்சு. எனக்குத்தான் வாய் வரல.”

போனை விமானப் பயன்முறைக்கு மாற்றும்படி ரோஹிணி சைகை காட்டினாள். இர்ஃபானா அவரைப் பார்த்தாள். அவர் கடைப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ராத்தா மௌத்தாயிட்டாங்க” என்றார். “எனக்காகக் காக்க வெக்காதிய. அஸரோட அடக்கிருங்க.”